காட்டை நாடாக்கிய பெருமை: ஓர் ஆராய்ச்சி

நம்மவருடைய எழுத்திலும் மேடையிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் வாக்கியம் ஒன்று உண்டு. "இந்நாட்டின் காட்டை அழித்து நாடாக்கியவர்கள் நாம்" என்பதே அது. சங்கங்களின் ஆண்டு மலரைப் புரட்டினால் அங்கே நிற்கும். பள்ளிப் பிள்ளையின் கட்டுரையிலும் நிற்கும். தேர்தல் மேடை ஏறுகிற தலைவர் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. கவிஞர் அதற்கு எதுகை மோனை கட்டுகிறார். நாவலாசிரியர் முன்னுரையிலேயே அதை வைத்துவிடுகிறார். இத்தனை பேரால் இத்தனை காலம் சொல்லப்பட்டு வருகிற வாக்கியத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தவர் மிகச் சிலரே. இக்கட்டுரை அந்த வேலையைச் சிறிது செய்து பார்க்க முயல்கிறது.

அவ்வாக்கியத்தை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. "நீ யார்? எப்போது வந்தாய்?" என்று கேட்கப்பட்டவன், தன் பாட்டன் சிந்திய வியர்வையைச் சாட்சியாக நிறுத்துகிறான். வேறு சாட்சி அவனிடம் இல்லை. நிலப்பட்டா இல்லை; பாங்கிக் கணக்கு இல்லை; சிலருக்குப் பல காலம் பிரஜா உரிமைப் பத்திரமும் இல்லை. ஆகவே உழைப்பைக் காட்டினான். அது நியாயமே. ஆனால் உழைப்பைக் காட்ட வந்தவன் காட்டழிவைப் பெருமையாக்கிவிட்டான். உழைத்தது ஒன்று, அழித்தது மற்றொன்று. இரண்டையும் ஒரே மாலையில் கோத்ததால் வந்த தீங்கு இன்று நம் வீட்டு வாசற்படியில் வெள்ளமாக நிற்கிறது.

இப்பெருமைக்கு நம் பண்டிதர்கள் பழந்தமிழ்ச் சான்று காட்டுவார்கள். கரிகாற் சோழனைப் பாடிய பட்டினப்பாலையில், அவ்வரசன் காட்டை ஒழித்து நாடு கண்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகழ்கிறார் என்பது உண்மையே. ஆனால் அதே மூச்சில் குளம் வெட்டி வளம் பெருக்கியதையும் அப்புலவர் சொல்லியிருக்கிறார். காட்டை எடுத்தவன் நீரைத் தேக்கவும் கடமைப்பட்டவன் என்பது அதன் உட்கிடை. நம் மேடைப் பேச்சாளர் முதற் பாதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தார். குளத்தை அங்கேயே விட்டுவிட்டார். மேலும், பரிசில் கருதி அரசனைப் பாடிய பாட்டைப் பிடித்துக்கொண்டு, ஆயிரத்து எண்ணூறு ஆண்டு கழித்துக் கூலிக்காரனும் தன்னைக் கரிகாலன் என்று நினைத்துக்கொள்வது வேடிக்கை அன்றோ? கரிகாலன் காட்டை நாடாக்கியபோது நாடு கரிகாலனுக்கு ஆயிற்று. நமக்கு என்ன ஆயிற்று?

பழந்தமிழிலேயே இதற்கு மறுபுறமும் உண்டு. வள்ளுவர் நாட்டுக்கு அரண் எவை என்று எண்ணும்போது, தெளிந்த நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல் தரும் காட்டையும் சேர்த்தே எண்ணுகிறார். காடு அவருக்குப் பகையன்று, மதில். இளங்கோவடிகள் காடுகாண் காதையில், பாலை என்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் போனால் பாலை ஆகும் என்று சொல்லுகிறார். பாலை என்பது கெடுக்கப்பட்ட காடு! இதைவிடக் கூர்மையாக இக்காலத்து நிபுணரும் சொல்லிவிட முடியாது. மலாயாவில் அந்தப் பாலைக்குப் பெயர் லாலாங் புல். மணல் இல்லாத பாலை அது, பச்சையாகவே இருக்கும், ஆனால் மாடும் விரும்பி மேயாது, வேறு பயிரும் எளிதில் தலையெடுக்காது.

அந்தப் பாலையை முதலில் உண்டாக்கியது ரப்பருங்கூட அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் பிறகு ஜொகூரிலும் காம்பியர் என்னும் செடியைப் பயிரிட்டார்கள். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் உதவும் சரக்கு அது. அதன் இலையை அவிக்கக் காட்டு மரமே விறகு. பதினைந்து இருபது ஆண்டில் மண் சாரமற்றுப் போகும்; தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குப் போவார்; பின்னால் லாலாங் மண்டும். 1883-இல் காண்ட்லி என்ற அதிகாரி நீரிணைக் குடியேற்ற நாடுகளின் காடுகளைப் பற்றி அறிக்கை எழுத வந்தபோது, சிங்கப்பூர்த் தீவின் பழங்காடு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. ஆற்று வாய்க்காலில் கப்பல் நிறைந்தது, வாணிபம் பெருகிற்று, தீவின் புகழ் ஓங்கிற்று. இவையும் பொய்யல்ல.

நிற்க. ரப்பரின் வரலாறு யாவரும் அறிந்ததே. 1877-இல் சிங்கப்பூருக்குச் சில நாற்றுக்கள் வந்தன; 1888 முதல் பூந்தோட்டத் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டார்; 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் தோட்டமாக நட்டார். பின்னர் மோட்டார் வண்டி வந்தது. 1910-இல் லண்டனில் ரப்பர் விலை பவுண்டு ஒன்றுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கையும் தாண்டிற்று. மேற்குக் கரை நெடுகக் காடு விழுந்தது.

இங்கேதான் நம் வாக்கியத்தின் முதல் ஓட்டை தெரிகிறது. பல தோட்டங்களில் பெருமரங்களை வீழ்த்திய ஒப்பந்தக்காரர்கள் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் சீனருமே ஆவர். கோடரி வேலையில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். மரம் விழுந்து, எரிந்து, சாம்பல் ஆறியபின் வரப்பும் வாய்க்காலும் வெட்ட, குழி தோண்ட, நாற்று நட, புல் வெட்ட, பால் எடுக்க, சாலையும் ரயில் பாதையும் போட நம்மவர் வந்தனர். நம் பங்கு சிறிது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெட்டிய ஒரு நாளைவிட, வெட்டிய இடத்தில் கிடந்த ஐம்பது ஆண்டு பெரிது. பெருமைக்கு உரியது அந்த ஐம்பது ஆண்டே. நாமோ அதை விட்டு அந்த ஒரு நாளுக்கு உரிமை கொண்டாடுகிறோம்.

அந்த ஐம்பது ஆண்டில் நடந்தவற்றுள் ஒன்றை நம் எழுத்தாளர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. தோட்டத்து மலேரியாவைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம், காட்டில் காய்ச்சல் இருந்தது, காட்டை அழித்தோம், காய்ச்சல் போயிற்று என்ற முறையிலேயே எழுதி வருகிறோம். கிள்ளான் வட்டாரத்தில் 1901 முதல் இந்நோயை ஆராய்ந்த டாக்டர் மால்கம் வாட்ஸன் கண்டது வேறு. கடலோரத்துச் சதுப்பில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் காய்ச்சல் குறைந்தது; அது மெய். ஆனால் அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறைவதற்குப் பதிலாக ஏறிற்று. காரணம் யாதெனில், மலையோடையில் முட்டையிடும் கொசு வேறு இனம். அதற்குத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். மரம் நின்றவரையில் ஓடை நிழலில் கிடந்தது, மரம் விழுந்ததும் வெயில் ஓடையில் பாய்ந்தது, கொசு பெருகிற்று, ஓடைக்கு அருகே கட்டிய லயத்தில் தாயும் பிள்ளையும் மாண்டனர். ஆற்றங்கரையில் நீர் வசதி கருதி லயம் கட்டிய துரைக்கு அது தெரியாது. "காட்டுக் காய்ச்சல்" என்று பெயர் சொல்லி அழுத நம் கிழவிக்கும் தெரியாது. மலைத் தோட்டங்களில் நம்மவரைக் கொன்றது காடு அன்று, காடு இல்லாமற் போனமை. நம் முன்னோர் கல்லறைகளின் மேல் நின்றுகொண்டு, அவர்களைக் கொன்ற காரியத்தையே அவர்கள் சாதனையாகப் பாடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று புல்வெட்டு. இரப்பர் நிரைகளுக்கு இடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என்பது அக்காலத்துத் துரைமாரின் வேதம். மண் வழித்துவிட்டாற் போலச் சுத்தமாக இருக்க வேண்டும்; இல்லையேல் கங்காணிக்கு ஏச்சு, ஆளுக்கு அரைப்பேர். நம் பெண்கள் குனிந்து குனிந்து வழித்தார்கள். மழை வந்தது; மேல்மண் முழுவதும் ஓடைக்குப் போயிற்று. பல ஆண்டு நட்டப்பட்ட பின்பே, நிரைகளுக்கு நடுவே மண்ணை மூடும் கொடிப்பயிரை வளர்க்க வேண்டும் என்று துரைமார் கற்றுக்கொண்டனர். ஈயச் சுரங்கங்களின் மண்ணும் இதனோடு சேர்ந்தது. ஆறுகளின் படுகை உயர்ந்தது. சிலாங்கூரில் பழைய கோல குபு பட்டணம் சுரங்க மண்ணாலும் வெள்ளத்தாலும் மூழ்கி, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டு நிலத்துக்கு இடம் மாறிற்று. அதுவே இன்றுள்ள கோல குபு பாரு. ஒரு பட்டணத்தையே மண் விழுங்கிற்று! மேட்டில் எடுத்த இலாபம் ஒருவருடையது. பள்ளத்தில் வந்த சேறு இன்னொருவருடையது. இலாபம் லண்டனுக்குப் போயிற்று. 1920-களில் ஆணுக்கு நாட்கூலி ஐம்பது காசு என்ற அளவில் நின்றது. பெண்ணுக்கு அதினும் குறைவு.

இனி வேறொரு சொல்லுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்தைக் "காடு" என்றே நம்மவர் சொல்லி வந்திருக்கின்றனர். அகிலன் இந்நாட்டுத் தோட்ட மக்களை வைத்து எழுதிய நாவலுக்கே "பால்மரக்காட்டினிலே" என்று பெயர். கேட்க இனிமையான பெயர். நாவலாசிரியரைக் குறை கூறவும் காரணமில்லை, மக்கள் வாயில் வழங்கியதையே அவர் எடுத்துக்கொண்டார். ஆயினும் ஒரே மரத்தைச் சிப்பாய் வரிசைபோல நட்டு, இருபத்தைந்து முப்பது ஆண்டில் வெட்டி, மறுபடியும் நடுகிற இடம் காடு ஆகுமா? ஆகாது என்று எந்தத் தோட்டத்துச் சிறுவனும் அறிவான். சொல் மாத்திரம் நின்றுவிட்டது. சொல்தானே என்று விட்டுவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். விட்டுவிட முடியாமைக்குக் காரணம் உண்டு.

1992-இல் ரியோ மாநாட்டின்போது, தன் நிலத்தில் பாதிக்குக் குறையாமல் காட்டை வைத்திருப்பதாக மலேசியா உலகின் முன் வாக்களித்தது. வாக்குக் காப்பாற்றப்பட வேண்டுமானால், எதைக் காடு என்று எண்ணுவது என்ற கேள்வி எழும். அதன் பின்னர் "காட்டுத் தோட்டம்" என்ற ஓர் ஏற்பாடு பரவிற்று. கிளந்தான் முதலிய மாநிலங்களில் காப்புக்காட்டின் இயற்கை மரங்கள் வெட்டப்பட்டு, பாலுக்கும் பலகைக்கும் பயன்படும் ரப்பர் இனம் நடப்பட்டது. ஏட்டில் அது இன்னும் காப்புக்காடே! குவா மூசாங் பகுதியில் தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தில் மூங்கில் தடுப்பு அமைத்து வழிமறித்தார்கள். 2018-இல் டுரியான் தோட்டத்துக்காக வந்தவர்களையும் அவ்வாறே மறித்தார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசாங்கமே அவர்களுக்காகக் கிளந்தான் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. "பால்மரக் காடு" என்பது நமக்குப் பாட்டில் வரும் சொல். வேறொருவருக்கு அது கணக்குப் புத்தகத்தில் வரும் தந்திரம்.

செம்பனையைப் பற்றி ஒரு சிறு செய்தி. இந்நாட்டில் 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் அதை முதன்முதல் வாணிப முறையில் நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே, மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். நட்டவர் நாவலாசிரியர் ஆகிவிட்டார். குலை சுமந்தவர் கதை நாவலாக வர மேலும் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. இது போகிற போக்கில் சொன்னது.

லங்காட் ஆற்றுப் பக்கம் வருவோம். வாக்கியத்தின் பெரிய ஓட்டை அங்கே இருக்கிறது. முதல் மகாயுத்தத்திலிருந்து திரும்பிய ஆங்கிலப் படை அதிகாரிகள் அங்கே ஒரு தோட்டம் போட்டு, யுத்தத்தின் பெயரையே அதற்கு வைத்தனர்: பெராங் பெசார். உலகப் புகழ் பெற்ற ரப்பர் இனங்கள் அங்கே உருவாயின, அவற்றுக்கு இன்றும் "பி.பி." என்ற முதலெழுத்து வழங்குகிறது. 1995-இல் அந்நிலத்தில் புத்ரா ஜெயா எழத் தொடங்கிற்று. பெராங் பெசாரிலும் அடுத்திருந்த மூன்று தோட்டங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த ஏறக்குறைய நானூறு தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் பக்கத்தில் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அக்கட்டடங்களில் விரிசல் கண்டது. தரைவீடு கேட்டு அம்மக்கள் இருபது ஆண்டுக்கு மேல் மன்றாட வேண்டியதாயிற்று. காட்டை நாடாக்கியவர்கள் என்ற வாக்கியம் அவர்களுக்கு ஒரு முழம் மண்ணையும் வாங்கித் தரவில்லை. தராதது ஏன் என்று யோசித்தால் விளங்கும். "பயனற்றுக் கிடந்த நிலத்தைப் பயன்படுத்தினோம், ஆகவே உரிமை எங்களுடையது" என்பது அவ்வாக்கியத்தின் தருக்கம். அதே தருக்கத்தோடு அதிகப் பணமுள்ள ஒருவன் வந்து, "ரப்பரைவிட நகரம் அதிகப் பயன் தரும், எழுந்திரு" என்றால் நமக்குச் சொல்ல விடையில்லை. நம் கையில் இருந்த கத்தியைக் கொண்டே நம்மை வெட்டினார்கள்.

அதே லங்காட் வட்டாரத்தில் தெமுவான் என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு சாரார் 1990-களில் சிப்பாங் விமான நிலையத்துக்காக ஒரு தரம் பெயர்க்கப்பட்டவர்கள். அவர்கள் ஒட்டி வாழும் வட கோல லங்காட் காப்புக்காடு 1927-இல் ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. நூறு ஆண்டு ஆவதற்குள் ஆயிரத்துக்கும் குறைந்தது. சதுப்புக் காடு அது. மட்கிய இலையும் கட்டையும் பல அடி ஆழம் நீரில் ஊறிக் கிடக்கும். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல விடும். காயவிட்டால் மாதக்கணக்கில் புகைந்து ஊரை மூடும். 2020-இல் எஞ்சியதிலும் பெரும்பகுதியைக் காப்பிலிருந்து நீக்கிக் கட்டடம் எழுப்பச் சிலாங்கூர் அரசாங்கம் முனைந்தது. தெமுவான் மக்களும் பட்டணத்தாரும் பல்லாயிரவராக எதிர்ப்பு எழுதினர். 2021 ஆகஸ்டில், ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டுவிட்டதாகத் தெரிந்தது. கூச்சல் மிகவே, செப்டம்பரில் அத்தீர்மானம் கைவிடப்பட்டது.

நாம் "காடு" என்று வெறுமையாகச் சொல்லிய இடத்தில் மனிதர் இருந்தனர் என்பதைத் தெமுவானும் தெமியாரும் நினைவூட்டுகின்றனர். அவர்களும் நாமும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்து, ஒரே அபிவிருத்தியால் பெயர்க்கப்பட்டவர்கள். ஆனால் நம் வாக்கியம் நம்மை வெட்டினவன் பக்கம் நிறுத்துகிறது. வெட்டுப்பட்டவன் பக்கம் நிறுத்தவில்லை.

இவ்விடத்தில் ஒரு நண்பர் மறுப்புச் சொல்வார், அதை ஒதுக்கிவிடலாகாது. "ஐயா, 1970-இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி வறுமையில் இருந்தது. இன்று அப்படியில்லை. சாலை, மின்சாரம், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. ரப்பரும் செம்பனையும் தொழிற்சாலையும் இல்லாமல் இவை வந்திருக்குமா? லயத்தில் ஒழுகும் கூரையின் கீழ் பிறந்தவனிடம் மரத்தின் அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறீரே!" என்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. வயிறு நிறைந்தவர் ஞாயிற்றுக்கிழமை காட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதும் பசுமைப் பாட்டுக்களில் எமக்கும் பற்றில்லை. வளர்ச்சி வேண்டாம் என்பவனுக்குத் தோட்டத்து வறுமை தெரியாது.

ஆனால் கணக்கை முழுவதும் எழுத வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலமில் ஸ்ரீ மூடா குடியிருப்பு கழுத்தளவு நீரில் நின்றது. உலு லங்காட்டில் சேறும் கட்டையும் வீடுகளுக்குள் புகுந்தன. நாடு முழுவதும் ஐம்பது பேருக்கு மேல் மாண்டனர். அந்தப் பருவத்து வெள்ளத்தின் நட்டத்தை அரசாங்கப் புள்ளிவிவர இலாகா 610 கோடி ரிங்கிட் என்று மதிப்பிட்டது. மழை வழக்கத்தை மீறிக் கொட்டியதே முதற்காரணம். ஆயினும் நீரை ஏந்தும் காடும் தாழ்நிலமும் சிமெண்டாகிப் போனால் எந்த மழையும் பெருமழையே. வேடிக்கை என்னவென்றால், காட்டை வெட்டி விற்ற பணம் நாட்டு வருமானத்தில் சேருகிறது. வெள்ளத்தில் போன மெத்தையையும் மோட்டார் சைக்கிளையும் திரும்ப வாங்கிய பணமும் நாட்டு வருமானத்தில் சேருகிறது. இழந்தது மட்டும் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. மெத்தை இழந்தவர் யார்? பெரும்பாலும் தோட்டத்திலிருந்து பெயர்ந்து, மலிவாகக் கிடைத்த தாழ்நிலத்தில் வீடு வாங்கியவர்கள். நண்பர் தம் கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு பிறகு வாதாடட்டும்.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நமது தோட்ட நாவல்கள், கா. பெருமாளின் "துயரப் பாதை" முதற்கொண்டு, மனிதன் மனிதனுக்குச் செய்த கொடுமையைத் துணிந்து எழுதின. துரையையும் கங்காணியையும் கள்ளுக்கடையையும் அவை விட்டுவைக்கவில்லை. அந்தக் கடன் தீர்க்க முடியாதது. ஆனால் அவற்றுட் பலவற்றில் நிலம் ஒரு திரைச்சீலையாகவே தொங்குகிறது. ஓடை எந்தப் பக்கம் ஓடிற்று, அதில் முன்பு என்ன மீன் இருந்தது, எந்த ஆண்டு அது பழுப்பாயிற்று, மருந்து அடித்த பெண்ணின் விரல் நகம் என்ன ஆயிற்று என்பனவற்றை அங்கே தேடினால் கிடைப்பது அரிது. "பச்சைப் பசேலென்ற தோட்டம்" என்று ஒரு வரி வரும். பச்சை பலவகை என்பது எழுதியவருக்குத் தோன்றியிராது. மெரந்தியும் செங்காலும் கெம்பாஸும் நம் கதைகளில் மரமாக நின்றதைவிடக் கட்டிலாகவும் அலமாரியாகவும் நின்றதே அதிகம்.

இதற்குத் தரவு எங்கே என்று இளம் எழுத்தாளர் கேட்பாராயின், நூல்நிலையத்துக்கு முன் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. புல்வெட்டிலும் காண்டாவாளியிலும் ஆயுளைக் கழித்த மூதாட்டிகள் பலர் இன்று டிங்கிலிலும் கிள்ளானிலும் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த மேட்டில் முதலில் மண் சரிந்தது, எந்தப் பாசாவில் தவளைச் சத்தம் நின்றது, எந்த ஊற்றில் குடித்த நீரைப் பிறகு குடிக்கலாகாது என்று தண்டல் சொன்னான் என்று அவர்களைக் கேட்டால் பெயர் சொல்லிச் சொல்வார்கள். அவர்களுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.